முழங்கை விஷயமாக அண்ணிக்கு

பாசமுள்ள அண்ணிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே யாவரும் சுகம், முழங்கைகள் நீங்கலாக.

அன்று சாப்பாட்டு மேஜையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் கூட்டிக் குறைத்துச் சொல்லக் கூடாது: நீங்கள், என் அண்ணன், என் வீட்டுக்காரர், என் மகள், நான். பூனை வெளியே இருந்தது. மகள் தண்ணீர் ஜாடியை நீட்டியபோது நீங்கள், "என்னடி, முழங்கையில கரி அப்பியிருக்கு? எலுமிச்சம்பழம் வச்சுத் தேயி" என்று சிரித்தீர்கள். அண்ணனும் சிரித்தார். அவள் ஜாடியை வைத்துவிட்டுக் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனாள்.

அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைதான். கைப்பந்து அணியில் இடம் கிடைத்தும், அரைக்கை பனியன் போட மாட்டேன், ஆடவும் மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் உங்கள் வாக்கை நம்பி, எலுமிச்சையோடு சர்க்கரையும் சேர்த்து முழங்கை முழங்கால் எல்லாம் பாத்திரம் துலக்குவதுபோல் தேய்க்க, தோல் உரிந்து அவள் கத்த, வீட்டுக்காரர் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அதன் வயரே தடுக்கி விழுந்து தன் முழங்கையையும் சிராய்த்துக்கொள்ள, மூவருமாகத் தோல் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தோம்.

"இது என்ன அழுக்கா, தேய்ச்சாப் போறதுக்கு? ஊன்றி ஊன்றித் தோல் தடிச்சிருக்கு. எலுமிச்சையைக் கிட்டவே கொண்டுபோகாதீங்க. புண் ஆறினதும் குளிச்ச ஈரத்தோட இந்தக் களிம்பைத் தடவுங்க. மெதுவாத்தான் மாறும்" என்றார். என் முழங்காலையும் காட்டினேன். ஜெபத்தில் மண்டியிட்டுக் கறுத்தது என்றதும், "தலையணை போட்டுக்கங்க" என்றார். போட்டேன் அண்ணி. பாதி ஜெபத்தில் தூங்கிவிட்டேன். "ஆமென் நானே சொல்லிட்டேன், எந்திரி" என்று வீட்டுக்காரர் எழுப்பினார்.

தோலுக்குக் களிம்பு வந்துவிட்டது. பிள்ளை வீடு வந்ததும் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டாள். நீங்களே அவளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். தப்பு என்றுகூடச் சொல்ல வேண்டாம். 'ஆடப் போ, அத்தை பார்க்க வருகிறேன்' என்றால் போதும்.

அண்ணனுக்கு என் அன்பு. உங்கள் இருவரையும் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன், விழித்திருக்கும் வரை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அணித்தலைவி வந்து மகளைப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அரைக்கை பனியன்தான்! திரும்பி வந்தவள் சொல்கிறாள்: "அவ முழங்கை என்னோடதைவிடக் கறுப்பும்மா. விழுந்து பந்து எடுக்கிறவளுக்கு அப்படித்தான் இருக்குமாம். பளபளன்னு இருந்தா பெஞ்சுல உக்கார வச்சிருவாங்களாம்." ஆகவே அந்த இரண்டு வரி வேண்டாம். ஆனால் அண்ணி, உங்கள் முழங்கை மட்டும் எப்படி அத்தனை பளபளப்பு? கறுத்துக் கிடக்கும் என் கழுத்துக்காகக் கேட்கிறேன். சீக்கிரம் பதில் எழுதவும்.