‘வல்மிரா’வின் பிறப்புக் கதைக்காரர்

போர்க்காலத்தில் ஆல்கஹால் கிடைக்காமல் போனதை வென்றது. மல்லிகையைக் கருக்கிய பனியை வென்றது. “சோப்பு வாடை” என்று திருப்பியனுப்பிய பாரிஸ் கடைக்காரர்களையும் வென்றது ‘வல்மிரா’ என்னும் வாசனைத் திரவியம். ஒரே ஓர் இனத்திடம் மட்டும் தோற்றது. அந்த இனத்துக்குப் பெயர் பிறப்புக் கதைக்காரர்.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரான்சில் வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன கிராஸ் ஊரில் காப்பிக் கடைக்கு இருவர் வீதம் இருக்கிறார்கள். யாராவது கைப்பையிலிருந்து அந்தச் சீசாவை எடுத்தால் போதும். கேட்காமலே மூடியை வாங்கி, மூக்கடியில் பிடித்து, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, “உங்ககிட்ட மட்டும் சொல்றேன்” என்று தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பிப்பார். இவர்களில் தலையானவர் மருந்துக்கடை ஃபிர்மேன் எஸ்காரஸ். அவருடைய மாமா வாசனைத் திரவிய ஆலையில் கண்ணயர, ஒரு பூனை சீசாவைத் தட்டிவிட, அதில் பிறந்ததாம் ‘வல்மிரா’. மறு வருஷம் பூனையின் இடத்துக்கு ஒரு சீமாட்டி வந்துவிட்டாள். பூனைக்கு வேலை போயிற்று. மாமா ஆலையில் என்னவாக இருந்தார்? வண்டியோட்டி.

உண்மையில் ‘வல்மிரா’வைச் செய்தவள் அந்த ஆலையில் வேலை பார்த்த ஒதில் மரெஸ்கோ. பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். சீசாவில் முதலாளியின் பெயர் மட்டுமே இருந்தது. ஆலைச் சுவரில் ‘வல்மிரா’ பிறந்த கதையைக் கல்வெட்டாக வைக்கப் போகிறார்கள் என்றதும், இந்த முறையாவது தங்கை பெயர் வரட்டும் என்று அக்கா லெயோந்தின் அவளை இழுத்துக்கொண்டு கல்வெட்டுக் குழுவிடம் போனாள். குழுத் தலைவர் யார்? வேறு யார், எஸ்காரஸ்தான்.

“இவ செஞ்சது ஐயா. மூணு வருஷம் கலந்து கலந்து பார்த்தா.”

“இருக்கட்டும்மா. கலந்து பார்த்தான்னு கல்லுல வெட்டினா எவன் நின்னு படிப்பான்? சீமாட்டின்னா நிப்பான்.”

“அந்தச் சீமாட்டிக்குப் பேரு?”

“அதைத்தான் இன்னும் முடிவு பண்ணலை.”

கல்லில் வெட்ட வேண்டிய கதை எழுதிய தாளை ஒதிலிடம் நீட்டினார். பழைய தொழிலாளி ஒருத்தி சாட்சிக் கையெழுத்துப் போட்டால் கதைக்குக் கௌரவமாம். அதையும் அப்படியே கல்லில் வெட்டுவார்களாம்.

“போடாதடி.”

“அக்கா, நீ பேசாம இரு. இத்தனை வருஷத்துல என்கிட்ட கையெழுத்துக் கேட்டவரு இவரு ஒருத்தர்தான்.”

அதற்குள் எஸ்காரஸ் அங்கே நின்ற பத்திரிகைக்காரரிடம் சீமாட்டியின் கண் நிறம் வரை போய்விட்டார். ஒதில் ‘சாட்சி’ என்பதை அடித்துவிட்டு, ‘செய்தவள்’ என்று எழுதிப் பெயரையும் அன்றைய தேதியையும் போட்டாள். கல்தச்சர் தாளில் கண்டதை வெட்டினார்.

நீங்களும் நாளைக்கு இதை யாரிடமாவது சொல்வீர்கள். பூனையைச் சொல்வீர்கள், சீமாட்டியைச் சொல்வீர்கள், உங்கள் பங்குக்கு ஒரு துறவியைச் சேர்ப்பீர்கள். எனக்குத் தெரியும். போகிற போக்கில் கல்லின் கடைசி வரியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: செய்தவள், ஒதில் மரெஸ்கோ, 9 ஜூன் 1961.