கலப்பு வாயுவும் ஒரு டக்-டக்கும்

"மேடம், மறுபடியும் கேக்குது."

டிரைவர் சொல்லாவிட்டாலும் இன்ஜினியருக்கே கேட்டது. டக்... டக்... டக். டிரைவர் சீட்டை ஒட்டியிருந்த இன்ஜின் பக்கம்தான்.

இயற்கை எரிவாயுவில் ஹைட்ரஜனைக் கலந்து ஓடும், அந்த டெப்போவின் முதல் பஸ் அது. சோறு தண்ணி மறந்து அவள் உருவாக்கிய இன்ஜின். கரும்புகை கிடையாது, மேடு ஏறினாலும் திணறாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை தாங்காது. இன்றைக்குப் பெரிய அதிகாரி வந்து ஏறிப் பார்க்கப் போகிறார். இந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தால் திட்டத்தையே மூட்டை கட்டிவிடுவார்.

ஹைட்ரஜன் என்றதும் டெப்போவில் ஆளாளுக்கு வயிற்றுவலி என்று நழுவினார்கள். 'சிங்கம்' என்று பேரெடுத்த இந்த டிரைவர் ஒருவர்தான் சாவியை வாங்கினார். அந்த மரியாதை அவளுக்கு அவர்மேல் நிறையவே உண்டு.

"ஒண்ணுமில்லண்ணே. ஹைட்ரஜன் சேர்ந்தா தீ சட்டுனு பரவும், அதான் தட்டுது. தீப்பொறியைக் கொஞ்சம் லேட்டா விழ வைக்கிறேன்."

"சட்டுனுன்னா... எவ்வளவு சட்டுனு?"

"கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள!" என்று பூரிப்போடு சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தட்டினாள். "இப்ப ஓட்டுங்க."

டக்-டக்-டக்-டக். வேகம் கூடியிருந்தது.

டிரைவர் வீட்டில் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியோடு அவர் மனைவி வந்து சேர்ந்தாள். "நானும் ஒரு ரவுண்டு வரேன்" என்று முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

தட்டலைக் கண்டுபிடிக்க இன்ஜினில் மாட்டியிருந்த சென்சாரோ எந்தத் தட்டலும் இல்லை என்று சாதித்தது. "நீ வேற" என்று அதைத் திட்டி, கழற்றி, புதிதாக ஒன்றை மாட்டினாள். அதுவும் அதையே சொன்னது.

"எங்கயாவது கசியுதான்னு பாத்துடறேன். ஹைட்ரஜன் ரொம்பப் பொடிசுண்ணே. துளி இடுக்கு கிடைச்சாப் போதும், வெளிய வந்துடும்."

டிரைவர் சீட்டில் நெளிந்தார். "சிலிண்டரெல்லாம் எங்க மேடம் இருக்கு?"

"உங்க தலைக்கு நேர் மேல."

டகடகடகடக!

கசிவு எங்கேயும் இல்லை. சத்தம் மட்டும் பஸ்ஸையே பிளந்தது. அந்த நேரம் பார்த்து கேட்டுக்குள் அதிகாரியின் கார் நுழைந்தது. இன்ஜினியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிறுத்துங்கண்ணே. பஸ் தயாரா இல்லைன்னு நானே போய்ச் சொல்லிடறேன். என் இன்ஜின் என்னைக் கைவிட்டுடுச்சு."

டிரைவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. விசிறி நின்றது. பஸ் முழுக்க அமைதி.

டகடகடகடக.

இன்ஜினியர் திகைத்துப்போய் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். முன்சீட்டிலிருந்து அவர் மனைவிதான் பேசினாள்.

"இன்ஜினைத் திட்டாதீங்கம்மா, அது இவரோட இடது காலு. கல்யாண மேடையிலயும் இப்படித்தான் பலகையைத் தட்டிக்கிட்டே இருந்துச்சு, ஆனா மனுஷன் கடைசி வரைக்கும் எந்திரிச்சு ஓடலையே!"