மாமனாரு டிராக்டருக்குப் பன்னெண்டு வோல்ட்டு குடுத்தேன்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாரமங்கலத்துல பறிச்ச காப்பிப் பழத்தை டிராக்டர்ல ஏத்தி, மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்ல இருக்கற மெஷின்ல தோல் உரிக்கக் குடுக்கோணும். பறிச்ச அன்னைக்கே உரிக்கலைன்னா பழம் மூட்டையிலயே சூடேறிப் புளிச்சிரும். வருசம் பூராப் பட்ட பாடு அத்தனையும் பாழு.

டிராக்டரு மாமனாருது. பழமும் மாமனாருது. புதுசா கல்யாணமான மாப்பிள்ளை மட்டும் நானு.

அது வெள்ளைக்காரன் காலத்துப் பெட்ரோல் வண்டி. ஆறு வோல்ட்டு பேட்டரி. மார்கழிப் பனியில செல்ப் அடிச்சா முனகிட்டுப் படுத்துக்கும்.

"என்னங்க மாமா, இந்தக் காலத்துல போயி ஆறு வோல்ட்டா!"

நான்தான் வாயை விட்டேன். மொத நாளே சேலம் போயி பன்னெண்டு வோல்ட்டுல பேட்டரி, டைனமோ, பல்பு, ஹாரன் எல்லாம் வாங்கியாந்து நானே மாட்டுனேன். மெக்கானிக்கு எதுக்கு? டவுன்ல படிச்ச மாப்பிள்ளை ஊட்டுல இருக்கறப்ப!

பழத்தை ஏத்துன கையோட செல்ப் அடிச்சேன். சுர்ருனு எடுத்துச்சு பாருங்க!

"நொம்பத் தேவலைங்களே மாப்ளே!" மாமாவுக்கு வாயெல்லாம் பல்லு.

மாமா ஓட்டுனாரு. நான் மட்கார்டு மேல. அத்தையும் என் பொண்டாட்டி ஸ்டெல்லாவும் டிரெய்லர்ல, மூட்டை மேல. ரெண்டு வளைவு தாண்டல, வண்டி பொக்குனு நின்னுபோச்சு.

"பெட்ரோல்ல தூசிங்க"ன்னாரு மாமா. டியூபைக் கழட்டி, வாயில வெச்சு ஊதி, துப்பி, மறுபடி மாட்டி செல்ப் அடிச்சாரு. எடுத்துச்சு! மீசையத் தடவிக்கிட்டாரு.

கொஞ்ச தூரத்துல மறுபடி நின்னுச்சு. இந்தத் தடவை அத்தை கண்ண மூடி ஒரு நீளமான ஜெபம். ஆமென் சொன்னதும் எடுத்துச்சு! "விசுவாசம் வேணுங்க மாப்ளே"ன்னு என்னயப் பாத்து சொன்னாங்க.

அடுத்த தடவை என் முறை. என்ஜினுக்குக் கரண்டை உட்டு உட்டுத் தர்ற பாயிண்டை உப்புத்தாள்ல தேச்சேன். எடுத்துச்சு!

"பாயிண்டுல கரிங்க மாமா. இனிமே மெட்ராஸ் வரைக்கும் நிக்காது"ன்னேன், பெரிய இவனாட்டம்.

மெட்ராஸா? அடுத்த மேட்டுலயே படுத்துக்கிச்சு.

ஸ்டெல்லா ஒரு மூட்டைக்குள்ள கைய உட்டுப் பாத்தா. "ஏனுங்க, பழம் சூடேறுதுங்க."

மாமா சாயற வெயிலைப் பாத்தாரு. திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்ல. என்ன பண்றதுன்னு தெரியாம என்ஜின் பக்கமா கைய ஊனி நின்னேன்.

"ஐயோ அம்மா!"

கை வெந்துபோச்சு. நான் கைய வெச்சது இக்னிஷன் காயிலு மேல, என்ஜினுக்குப் பொறி குடுக்கற டப்பா அது. அதுல தோசையே சுடலாம்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எல்லாத்தையும் பன்னெண்டுக்கு மாத்துன நான், காயிலை மட்டும் பழைய ஆறுலயே உட்டுட்டேன். சேலத்துக் கடைக்காரரு கேக்கத்தான் செஞ்சாரு, "காயிலு வேண்டாங்களா?"ன்னு. "அது நல்லாத்தாங்க இருக்குது"ன்னு மிதப்பா சொல்லிட்டு வந்தேன். ரெட்டைக் கரண்டு பாஞ்சா காயிலு கொதிச்சு வண்டி நிக்கும், ஆறுனா தானா எடுக்கும். நாங்க ஊதுனது, ஜெபிச்சது, தேச்சது எல்லாம் அது ஆறுற வரைக்கும் பொழுதுபோக்கு!

குடிக்கக் கொண்டாந்த தண்ணியில ஒரு சாக்கை நனைச்சுக் காயிலைச் சுத்திக் கட்டுனேன். வண்டி கருகல் வாசத்தோட ஊர்ந்து போச்சு. நான் பக்கத்துலயே நடந்து, ஸ்டெல்லா நீட்டுன சொம்புத் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா சாக்குல ஊத்திட்டே வந்தேன்.

எதுக்க வந்த ஒருத்தரு நின்னு பாத்தாரு. "ஏனுங்க, டிராக்டருக்குக் காய்ச்சலுங்களா?"

"ஆமாங்க"ன்னேன். வேறென்ன சொல்ல?

மெஷினை நிறுத்தப் போற நேரத்துக்குப் போய்ச் சேந்தோம். மெஷின்காரரு மூக்கை உறிஞ்சுனாரு. "கருகல் வாசம் அடிக்குதுங்களே, பழம் போச்சுங்களா?"

மாமா ஒரு மூட்டையப் பிரிச்சு, ஒரு பழத்தைப் பிதுக்கி மோந்து பாத்தாரு.

"பழம் நல்லாருக்குதுங்க. கருகுனது எங்க மாப்ளையோட மூளைங்க."