பினாப்தலின் அத்தை

காலை ஐந்தரைக்கு எழுவேன். தண்ணீர் லாரி வந்திருந்தால் நான்கு குடம் பிடித்து மூன்று மாடி ஏற்றுவேன். டீ போடுவேன். அத்தை ராஜாத்திக்கு ஒரு டம்ளர், சீனி இல்லாமல். பக்கத்தில் சர்க்கரை நோய் மாத்திரை. கேஸை மூடிவிட்டுக் கீழே இறங்குவேன். மறுபடி மூன்று மாடி ஏறிப் போய், கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர். பள்ளி. ஒன்பதாம் வகுப்பு அறிவியல்.

ராஜாத்தி என் மனைவி கார்குழலியின் அம்மா. கார்குழலி இறந்து ஒன்றரை வருஷம். கன்டெய்னர் லாரி. அதன் பிறகு அத்தைக்குப் போக வேறு வீடு இல்லை. எனக்கும்.

ஜூனில் பள்ளி திறந்தபோது இரண்டு காரியங்கள் தொடங்கின. பள்ளிக்குள் அறிவியல் மன்றம். மூன்று தெரு தள்ளி அக்கரை சுவாமிகள். மன்றத்தில் பதினொரு பேர். சுவாமிகளின் வரிசை முதல் வெள்ளிக்கிழமையே பஸ் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டது.

சுவாமிகள் செத்தவர்களோடு பேசுவார். உயிரோடிருப்பவர்கள் திருப்பிக் கேள்வி கேட்பார்கள், அதனால் இருக்கலாம். அவர் வாடகைக்குப் பிடித்தது முன்பு மிளகாய் மூட்டை அடுக்கிய கிடங்கு. உள்ளே போனவர்கள் எல்லோரும் அழுதுகொண்டு வெளியே வந்தார்கள். சுவாமிகளின் சக்தி என்று ஊர் பேசிக்கொண்டது.

ஜூலையில் நாங்கள் செம்பருத்திப் பூவை வேகவைத்து நிறங்காட்டி செய்தோம். சுவாமிகள் இருபதடி பேனர் வைத்தார். செப்டம்பரில் எண்ணூர் கழிமுகத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து வடிகட்டினோம். தாளில் சாம்பல் நின்றது. சுவாமிகளும் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துத் தீர்த்தம் என்றார். வாங்கியவர்கள் யாரும் வடிகட்டவில்லை.

நவம்பரில் அமிலம், காரம். தெளிந்த தண்ணீரில் பினாப்தலின் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. சுண்ணாம்புத் தெளிவு ஒரு சொட்டு விழுந்ததும் ரோஜாச் சிவப்பு. வகுப்பு "ஓ" என்றது. புளியந்தோப்பிலிருந்து வரும் யசோதரா மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கை தூக்கினாள்.

"சார், இது அக்கரை சாமி தண்ணி சார்."

அம்மாவோடு போய்ப் பார்த்திருக்கிறாள். ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் வைப்பார்களாம். சுவாமிகள் கட்டைவிரலை விட்டுக் கலக்கினால் தண்ணீர் சிவக்கும். செத்தவர் ஆமாம் என்கிறார். ஆள்காட்டி விரலை விட்டால் சிவக்காது, இல்லை என்கிறார். சுவாமிகள் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். சுண்ணாம்பு எந்த விரலில் இருக்கும் என்று அவளிடம் கேட்டேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மஞ்சளை வைத்து இதைச் செய்ய முடியாது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆலம் கரைக்காத வீடு கிடையாது, ஊரே கண்டுபிடித்துவிடும். சுவாமிகளும் எங்கோ ஒன்பதாம் வகுப்பு படித்திருக்க வேண்டும்.

டிசம்பரில் ராஜாத்தி என்னையும் அங்கே இழுத்துக்கொண்டு போனாள். கட்டைவிரல் இறங்கியது. தண்ணீர் சிவந்தது. சுவாமிகள் கண்ணை மூடி, கார்குழலியின் குரலில் பேசினார்.

"அத்தான், நான் நலமாக இருக்கிறேன். அன்னையே, மாத்திரைகளைத் துறந்துவிடுங்கள். சுவாமிகளின் தீர்த்தமே போதும்."

எனக்குக் கண் கலங்கியது. மிளகாய்.

கார்குழலி வியாசர்பாடிக்காரி. என்னை அவள் அத்தான் என்று கூப்பிட்டதே இல்லை. மாமு என்பாள், கோபம் வந்தால் "யோவ்". எதையும் அவள் துறந்ததில்லை, கடாசுவாள். வெளியே வந்ததும் இதை ராஜாத்தியிடம் சொன்னேன்.

"செத்தா சுத்தத் தமிழ் வந்துடும் நைனா," என்றாள்.

சுண்ணாம்புக் கதையையும் சொன்னேன். வாத்தியாருக்கு எதைப் பார்த்தாலும் பவுடர்தான் என்றாள். அன்றோடு மாத்திரை நின்றது. ஜனவரியில் வலது காலின் இரண்டு விரல்கள் கறுத்தன. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் வெட்டி எடுக்க வேண்டிவரும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ராஜாத்தி விரல்மேல் தீர்த்தம் தெளித்துக்கொண்டாள்.

அந்த மாதக் கடைசியில் அறிவியல் கண்காட்சி. திறந்துவைக்கத் தலைமையாசிரியர் நீலமேகம் அழைத்த சிறப்பு விருந்தினர் அக்கரை சுவாமிகள். பெற்றோர் கூட்டம் வருமே சார், என்றார் என்னிடம். அவர் கணக்கு தப்பவில்லை. போன வருஷக் கண்காட்சிக்கு முப்பது பேர். இந்த வருஷம் மைதானம் போதவில்லை.

மன்றக் கூட்டத்தில் நான் எதுவும் பேசவில்லை. ஒரு சுண்ணாம்பு டப்பாவையும் இரண்டு எலுமிச்சம்பழத்தையும் மேசையில் மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

சுவாமிகள் குத்துவிளக்கு ஏற்றினார். ஆசி கேட்டு எங்கள் மன்றத்து ஷெர்லின் மேடையேறினாள். மளிகை மொத்த வியாபாரம் செய்யும் வேதமாணிக்கத்தின் மகள். முகத்தை நன்றாகத் தொங்கப்போட்டிருந்தாள்.

"எங்க அத்தைகிட்ட பேசணும் சாமி. மார்த்தாண்டத்துல இருந்தாங்க."

சுவாமிகள் பெயர் கேட்டார்.

"பினாப்தலின்."

முன் வரிசையில் மன்றத்தின் மற்ற பத்துப் பேரும் குனிந்து ஷூ லேஸ் கட்டினார்கள். சுவாமிகளுக்குச் சந்தேகம் வரவில்லை. ஜோஸ்லின், ஷெர்லின், ஜெஸ்லின் இருக்கும் வீட்டில் ஒரு பினாப்தலின் இருக்கக் கூடாதா? பாட்டிலின் இங்கிலீஷ் லேபிளை எழுத்துக்கூட்டிப் பார்க்காமலே சரக்கை வாங்கியிருப்பார் போல.

சீடன் டம்ளர் வைத்தான். கட்டைவிரல் இறங்கியது. தண்ணீர் சிவந்தது.

"மகளே, பினாப்தலின் பேசுகிறேன். பரலோகத்தில் நலம். உன்னை மடியில் வைத்துக் கொஞ்சியதை மறப்பேனா?"

நீலமேகம் கைகூப்பினார். அவர் தமிழாசிரியராக இருந்து உயர்ந்தவர்.

யசோதரா மைக் அருகே வந்தாள். சீடன் வைத்திருந்த இன்னொரு டம்ளரை எடுத்தாள். கட்டைவிரலில் சுண்ணாம்பைத் தடவி உள்ளே விட்டாள். சிவந்தது.

"எனக்கும் அத்தை வந்துட்டாங்க சாமி."

கூட்டம் சிரிக்கவில்லை. புரியவில்லை. அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்து சுவாமிகளின் டம்ளரில் பிழிந்தாள். சிவப்பு மறைந்தது.

"அத்தை போய்ட்டாங்க. கையை சோப்பு போடாத வெறும் தண்ணில கழுவி, நல்லா தொடச்சிகினு, அதே வெரலை வேற டம்ளர்ல வுடு சாமி. அத்தை திரும்பி வந்தா நானே உன் சிஷ்யை."

ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் மேடைக்கு வந்தன. சுவாமிகள் வாளியைப் பார்த்தார். கூட்டம் விரலைப் பார்த்தது. இன்று மௌன விரதம் என்று மைக்கில் அறிவித்தார். அப்போதுதான் சிரிப்பு தொடங்கியது. பள்ளி ஆய்வகத்தின் பினாப்தலின் பாட்டிலை ஷெர்லின் உயர்த்தி லேபிளை வாசித்தாள். கூட்டம் கிடங்குக்கு நடந்தது. பின்னறையில் அதே பாட்டில் நான்கு இருந்தன. சுவாமிகள் அன்றே அக்கரைக்குப் போனார். எந்தக் கரை என்று தெரியவில்லை. மறு வெள்ளிக்கிழமை நீலமேகம் என்னிடம் மெதுவாக விசாரித்தார், எர்ணாவூரில் ஒரு அம்மா முட்டையில் செத்தவர்கள் முகம் பார்த்துச் சொல்கிறாராமே என்று.

வீட்டில் ராஜாத்தி ரொம்ப நேரம் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எம் பொண்ணு ஒண்ணுமே சொல்லலியா நைனா?"

சொன்னாள் என்றேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. லாரி மோதிய அன்று காலை வண்டியை உதைத்துவிட்டு, கேஸை மூடினாயா என்று கேட்டாள். மூடியிருப்பேன் என்றேன். அவள் சொன்னதைக் கேட்டு மாடி ஏறினேன். நான் இறங்கி வருவதற்குள் நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டாள். கேஸ் திறந்துதான் இருந்தது.

ராஜாத்தி மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மேலே போனவர்களின் செய்திக்காக இனி எர்ணாவூரில் வரிசை கட்டப்போகிறவர்களும் கார்குழலி கடைசியாகச் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம்.

"இருப்பேன்னு இன்னா மாமு பேச்சு? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."