பட்டாணி அளவு

பெரிய மாமா இறந்துவிட்டார் என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, 'அப்பாடா, இனிமேல் கேட்க மாட்டார்' என்பதுதான். அழுகை வரவில்லை, அதிர்ச்சி வரவில்லை, அப்பாடா வந்தது. நான் எவ்வளவு கேவலமான பிறவி என்பது எனக்கே தெரிந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான்.

கேட்க மாட்டார் என்றது என் முகப்பருவைப் பற்றி. பெரிய மாமா என் கணவர் கணேஷின் பெரியப்பா. ரயில்வேயில் சாமான் கிடங்குக் கணக்கு பார்த்து ரிடையர் ஆனவர். மாடம்பாக்கத்தில் அவர் வீட்டில் சீட்டு எழுதி ஒட்டாத பொருளே கிடையாது. 'மிளகு', 'சீரகம்', 'இந்த ஸ்விட்சைத் தொடாதே'. என் முகத்தில் மட்டும் ஒட்ட முடியாது என்பதால் வாயால் சொல்லிவிடுவார். எந்த விசேஷமானாலும் சரி, பந்தியில் இலை போட்டதும் நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பிப்பார்.

"என்னம்மா சுமதி, பெருங்களத்தூர் பாலத்தையே கட்டி முடிச்சுட்டாங்க. உன் மூஞ்சில ரோடு வேலை இன்னும் முடியலையா?"

பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். (மோட்டார் போட்டு ஏத்தின தண்ணி, அதுவும் வீண்.)

பதிமூன்று வயதில் வந்த பரு. கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனது, சரியாகவில்லை. ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும் என்றார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு வயது. என் கன்னத்தில் புள்ளிகளை இணைத்துக் கோலம் போட்டு விளையாடுகிறாள். வேப்பிலை, சந்தனம், முல்தானி மட்டி, பற்பசை என்று எதையும் நான் விட்டுவைக்கவில்லை. கோவில் குளத்தில் வெல்லம் கரைத்தால் பருவும் கரையும் என்று ஒரு அக்கா சொன்னார். வெல்லம் கரைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமாவுக்கு எண்பதாம் கல்யாணம் நடப்பதாக இருந்தது. நானூறு பேர் சாப்பிடும் பந்தி. அந்த ஒரு பந்தியில், ஒரே ஒரு தடவை, அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கடந்துபோக வேண்டும். எனக்கு வேறு வரமே வேண்டியிருக்கவில்லை. கணேஷுக்குத் தெரியாமல் தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அவர் ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார்.

"பட்டாணி அளவு போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். வெயில் படக் கூடாது. மூணு மாசம் பொறுமையா போடுங்கம்மா."

என்னிடம் இருந்ததோ எட்டு நாள். மூன்று மாதத்து க்ரீமை எட்டு நாளில் பூசினால் மூன்று மாதத்துப் பலன் எட்டு நாளில் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். (பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். பிள்ளைகளைப் பெற்றவங்க மன்னிக்கணும்.) டாக்டர் சொன்ன பட்டாணியை ஒரு தட்டு சுண்டலாக எடுத்துக்கொண்டு, சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி தினமும் இரண்டு வேளை அடித்தேன்.

நான்காம் நாள் காலையில் கண்ணாடியில் வேறு யாரோ இருந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, தோல் வெங்காயச் சருகாக உரிந்து, கண் இமைகள் வீங்கி, கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். பரு மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் கூடத்தில் கணேஷின் போன் அடித்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரிய மாமா நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாராம். கணேஷ் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னார். ஒரு நிமிஷம் கழித்து நான் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"ஐயோ சுமதி, அதுக்குள்ள இவ்ளோ அழுதுட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் சாவு விழுந்த அன்று மருமகள் மூஞ்சியைப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தாள் என்று ஊரே பேசுமே என்ற பயத்தில் தலையை ஆட்டிவிட்டேன்.

வெயில் படக் கூடாதே என்று முந்தானையைத் தலையில் இழுத்து மூடிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினேன். பந்தலுக்குள் பேச்சு நின்றது. "பாவம், சுமதியைப் பாரு, மூஞ்சியே வெந்து போச்சு" என்றது ஒரு குரல். கணேஷின் அக்கா மாலதி ஓடிவந்து, "புடிச்சுக்கோங்க, விழுந்துடப் போறா" என்றார். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், மாமாவின் மனைவி பெரிய அத்தைக்கு அடுத்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தண்டனை. சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் முதலில் பெரிய அத்தையைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அப்புறம் அடுத்தபடியாக அழுது வீங்கியிருந்த என்னை. கன்னத்தோடு கன்னம் வைத்துத்தான் அழ வேண்டும், அதுதான் முறை. உரிந்த தோலில் அவர்கள் கண்ணீரின் உப்பு இறங்கும்போதெல்லாம் நான் போட்ட சத்தத்தில் நடிப்பு துளியும் கிடையாது. "உன்னைத்தானே எப்பவும் கேலி பண்ணுவாரு. பாசம் இருந்தாதானே கேலி வரும்" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். பெட்டிக்குள் அவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். நான் கேட்ட வரம் எதிரிலேயே கிடந்தது. அதற்கு மேல் என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் ஆண்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெரிய அத்தை என்னை மட்டும் உள் அறைக்குக் கூப்பிட்டார். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"என்ன க்ரீம்டி?"

நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடப் பார்த்தேன்.

"அழுதவளுக்கு மூக்கு ஒழுகும். காலைலேர்ந்து பாக்கறேன், உனக்கு ஒழுகல."

திட்டப் போகிறார் என்று குனிந்து நின்றேன். அவர் பீரோவைத் திறந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "சனிக்கிழமை தாம்பரம் போய் நாட்டு மருந்துக் கடைல வாங்கினார். 'அந்தப் பொண்ணு சிரிக்கறா, ஆனா சாப்பிட மாட்டேங்கறா. இனிமே கேலி பண்ணக் கூடாது'ன்னார். விசேஷத்தன்னிக்கு உன் கைல குடுக்கணும்னு வச்சிருந்தார்."

பிரித்தேன். ஒரு ஜாதிக்காய். அதன் மேல், அவர் வழக்கப்படி, ஒரு சீட்டு. 'சுமதி முகத்துக்கு. பாலில் இழைத்துத் தடவவும். பட்டாணி அளவு போதும்.'

அப்போதுதான் அழுதேன். கண்ணீர் கன்னத்தில் நெருப்பாக இறங்கியது. துடைக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. பெரிய அத்தை தன் முந்தானையை நீட்டினார்.

"ம், இப்பதான் ஒழுகுது."

பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் இந்தக் கதையை எல்லோருக்கும் போட்டு உடைத்ததும் அவர்தான். மாமா போன பிறகு அத்தை முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பரு போகவில்லை. ஜாதிக்காயை இழைக்க மனம் வராமல் சீட்டோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்து வந்த கல்யாணத்தில் இலை போட்டதும் என்னையறியாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோடு வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போதெல்லாம் எங்கேயாவது சாவு என்று போன் வந்து நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தால், கணேஷ் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொள்வார்.

"சுமதி, பட்டாணி அளவு போதும்."