ஷெட் கதவுக்கு உடம்பு சரியில்லை

அன்பு மகளுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சௌக்கியம். கார் ஷெட் கதவுக்குத்தான் உடம்பு சரியில்லை. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால் கடிதம்.

போன வாரம் நான் சொந்த வீட்டுக்குள் தவழ்ந்து போனேன். என் இடுப்புவலிக்காக நீ போட்டுக் கொடுத்த தானியங்கிக் கதவு பாதி ஏறி நின்றுவிட்டது. ஹாரன் அடித்து ரிமோட்டை அழுத்தினால் இறங்குகிறது, முழங்கால் உயரத்தில் மறுபடி நிற்கிறது. சரி, குனிந்தவன் கெட்டதில்லை என்று குப்புறப் படுத்து நுழைந்தேன். பெல்ட் மாட்டிக்கொண்டது. தலையும் வயிறும் உள்ளே, மிச்சம் தெருவுக்கு. எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், அக்கா உள்ள விடலையா?" என்றார். "கதவுக்கு எண்ணெய் போடறேன்" என்று உள்ளேயிருந்தே பதில் சொன்னேன்.

அப்புறம் நிஜமாகவே எண்ணெய் போட்டேன். பாதி சட்டைக்குப் போனது. சென்சார் கண்ணைத் துடைத்தேன், பேட்டரி மாற்றினேன். பள்ளியில் மின்சாரப் பாடம் நடந்தபோது வெளியே முட்டி போட்டிருந்தவனுக்கு வேறென்ன தெரியும்? சோதித்துப் பார்த்தால் கதவு நல்ல பிள்ளையாக ஏறி இறங்குகிறது, டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஓடிப்போகுமே, அந்த மாதிரி. வண்டியோடு வந்தால் மட்டும் முரண்டு.

மெக்கானிக் வந்தார். "வழக்கமா எப்படி வருவீங்களோ அப்படியே வாங்க சார்" என்றார். வந்தேன். உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு. "மோட்டார் தங்கம் சார்! நீங்க ஹாரன் அடிச்சு ரிமோட்டை அமுக்கறீங்க. ஹாரன் கேட்டதும் சமையல்கட்டுச் சுவர்ல இருக்கிற பட்டனை அம்மா அமுக்கறாங்க. நீங்க ஏத்தினா அவங்க நிறுத்தறாங்க!"

"ஹாரன் அடிச்சா திறக்காம? ஊரைக் கூப்பிடவா அடிக்கறாரு?" என்றாள் அம்மா.

உனக்குத் தெரியாததா? உள்ளே தாழ்ப்பாள் போட்ட பழைய கதவு இருந்த காலத்தில் ஹாரன் அடித்தால் வாயில் பென்சிலோடு நீ ஓடிவருவாய். தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக் கைப்பிடியில் தொங்குவாய்; நான் தூக்கினால் நீயும் சேர்ந்து மேலே போவாய். "அப்பா வந்தாச்சு!" என்று எனக்கே சேதி சொல்வாய். நீ படிக்கப் போன பிறகு அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். யாரும் ஒப்படைக்கவில்லை. எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு வருவாள்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் விட்டுடுங்க" என்றார் மெக்கானிக்.

"நான் விட்டுடறேன். இனிமே அவரு பாட்டுக்கு வரட்டும் போகட்டும், லாட்ஜ் மாதிரி" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். சொன்ன சொல் தவறுவதில்லை, எட்டியே பார்ப்பதில்லை. கதவு அழகாகத் திறக்கிறது. நான் இருட்டில் சுவரைத் தடவி விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

ஆகவே வண்டியைக் கண்டதும் தானே திறக்கும் என்று நீ சொன்னாயே, அந்தப் புது மாடலையே அனுப்பு. அம்மாவுக்குத் தொந்தரவு இருக்காது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிட்டு நூறாண்டு நன்றாக இரு.

இப்படிக்கு,
எண்ணெய்ச் சட்டை அப்பா

பின்குறிப்பு: அனுப்பாதே. இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வாங்கப் போகும்போது ரிமோட்டைப் பேட்டரி இல்லாமல் எடுத்துப் போனேன். திரும்பி வந்து ஹாரன் அடித்தேன். சத்தமில்லை. இன்னொரு தடவை அடித்தேன். கதவு ஏறியது. பட்டனை அழுத்திய கையோடு அம்மா ஷெட்டுக்கே வந்து நின்றிருந்தாள்.

"ரிமோட் என்னாச்சு?"

"செத்துப்போச்சு."

"வேற வாங்கறதுதானே?"

"கடையில இல்லையாம்."

கதவு ஏற ஏற முதலில் அவள் செருப்பும், பிறகு சோப்பு நுரைக் கையும், கடைசியில் முகமும் தெரிந்தபோதுதான் நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.