புதுப்பட்டினத்தில் எனக்கொரு சம்சாரம்

கல்யாணம் ஆகாமலேயே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் ஆனவன் நான். (பதறவேண்டாம். ஏற்பாடு செய்தது வீட்டு புரோக்கர்.)

எழுபத்தைந்தாம் வருஷ வாக்கில் செங்கல்பட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். அம்மா போனபிறகு புதுப்பட்டினம் வீட்டில் தனியாக உலை வைக்கப் பிடிக்காமல் ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டேன். வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கடைத்தெரு காதர் பாயுடையது. கல்பாக்கத்து உத்தியோகஸ்தர்கள் வீடு கேட்டு அவர் கடை வாசலில் நின்ற காலம். ஆள் பிடிப்பது, ஓடு மாற்றுவது, கிணறு தூர் வாருவது எல்லாம் அவரே. எனக்கு ஒரே வேலை, அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது.

"வூட்டுக்காரன் வந்து நின்னா குடியிருக்கிறவங்களுக்குப் பேஜாரு தம்பி. எதுன்னாலும் என்னாண்ட சொல்லு."

ஆறு மாதம் தாங்கினேன். லாட்ஜில் ஞாயிற்றுக்கிழமை லேசில் முடியாது. பின்கட்டு அறையை மட்டும் கேட்டு வாங்கினால், வாரம் ஒருநாள் அம்மா இருந்த வீட்டில் படுத்துவிட்டு வரலாமே என்று தோன்றியது. பாயிடம் சொல்லாமல் (அதிமேதாவி அல்லவா!) பஸ் ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்த அம்மாள், நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்து என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுக்காரம்மா வரலையா? குழந்தைங்க?"

நானும் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

உள்ளே கல்யாண வயசில் இரண்டு பெண்கள் நிற்பதைக் கண்டதும் விளங்கிவிட்டது. ஓனர் கட்டைப் பிரம்மச்சாரி என்றால் எந்தத் தகப்பன் குடிவருவான்? பாய் எனக்குக் குடும்பம் கட்டிவைத்துத்தான் வீட்டை விட்டிருக்கிறார்.

"அவளுக்கு ஜுரம்," என்றேன்.

"அடடா! பெரியவனுக்கு என்ன வயசு?"

"நாலு."

"சின்னவளுக்கு?"

"அவளுக்கும் நாலு."

"இரட்டையா! பாய் சொல்லவே இல்லையே!"

அம்மா சமைத்த அடுப்பங்கரையில் உட்காரவைத்து எனக்குச் சோறு போட்டார்கள். பின்கட்டு அறை காலியாகத்தான் கிடந்தது. ஆனால் ஜுரக்காரப் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஞாயிறுதோறும் இங்கே வந்து தனியாகப் படுக்கிறேன் என்று எந்தக் குடும்பஸ்தன் கேட்பான்? கேட்காமலே எழுந்தேன். மஞ்சள், குங்குமம், மல்லிகைப்பூ, ஒரு பச்சை ரவிக்கைத் துணி, இரட்டையருக்கு இரண்டு பிஸ்கட் பாக்கெட் எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள்.

பாயிடம் போய்க் குதித்தேன்.

"ரெண்டு புள்ளதான் நான் குடுத்தேன். இரட்டையாக்கினது நீ! இனிமே அந்தப் பக்கம் போனே, வூடு காலியாயிடும்," என்றார் பாய்.

லாட்ஜுக்கு வந்து பூவை ஆணியில் மாட்டினேன். பிஸ்கட்டைத் தின்றபோது அழுகை வந்தது. இல்லாத பெண்டாட்டிக்காக அழுத மகானுபாவன் ஊரிலேயே நான் ஒருவன்தான்.

நாலு வருஷம் கழித்து நிஜமாகவே கல்யாணம் ஆனது. பெட்டியில் கிடந்த ரவிக்கைத் துணியைப் பார்த்து மனைவி முறைத்தாள். (முறைக்கமாட்டாளா?) கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளம்புங்க. எனக்கு ஜுரம் விட்டுடுச்சுன்னு அவங்ககிட்டப் போய்ச் சொல்லவேண்டாமா?"

இன்றைக்கும் அவளுக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும், பிள்ளைகள் கேட்கிறார்கள்: "அம்மா, இது புதுசா, இல்லே புதுப்பட்டினத்து ஜுரமா?"